நிற்கும் வண்டி: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் துவிச்சக்கரவண்டித் தாங்கி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் குடிகளின் வருகை, வன்னிமைகளின் ஆட்சி, கோயிலுரிமைகள், கூத்து முதலானவற்றையே ஆய்வுப் பொருளாகக் கொண்டனர். 1962 இல் பதிப்பிக்கப்பட்ட ‘மட்டக்களப்பு மான்மியம்’, 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகியன அத்துறைகளில் எமக்கு அளித்த செல்வம் பெரிது. ஆயினும் இப்பிரதேச மக்கள் தமது அன்றாட உழைப்பை எக்கருவிகளைக் கொண்டு ஆற்றினர், அவை எங்கிருந்து வந்தன, வந்தவற்றை உழைப்போர் தமது தேவைக்கேற்ப எங்ஙனம் மாற்றிக்கொண்டனர் என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஏரும் வள்ளமும் வலையும் நாட்டாரியலாளரின் கவனத்தை ஓரளவேனும் பெற்றன. துவிச்சக்கரவண்டி அந்நியப் பொருள் என்றும் அண்மைக் காலத்தது என்றும் ஒதுங்கி நிற்கிறது. அதன் பின்சில்லோடு பிணைந்து கிடக்கும் தாங்கி, அதாவது பேச்சு வழக்கில் நாம் ‘ஸ்டான்ட்’ எனக் கூறும் அந்த இரும்புச் சட்டம், ஆய்வுக்குரியதெனக் கருதப்படுவது மிக அரிது. அதனையே இக்கட்டுரையிற் பொருளாகக் கொள்கிறோம்.

இரு சில்லு வண்டி ஓடும்போது விழுவதில்லை, நிற்கும்போதுதான் விழும். ஓடுவதற்கான பொறிமுறைகள் பற்றி நூல்கள் பல உள. நிற்பது பற்றி எழுதப்பட்டது குறைவு. காரணம், எழுதுபவர் வண்டியைச் செலுத்துபவர், சுமப்பவர் அல்லர். கந்தோருக்குச் செல்லும் ஒருவருக்கு வண்டி நின்றதும் அதன் பயன் முடிந்துவிடுகிறது. மதிலிலோ மரத்திலோ சார்த்திவிட்டு உள்ளே போய்விடுவார். மீன் விற்பவருக்கோ வண்டி நிற்கும் இடத்திலேதான் தொழில் தொடங்குகிறது. அவர் இரு கைகளாலும் மீனை எடுக்க வேண்டும், தராசைப் பிடிக்க வேண்டும், வெட்டிக் கொடுக்க வேண்டும், சில்லறை எண்ண வேண்டும். கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை. அந்த இரண்டாவது ஆளின் வேலையைத் தாங்கி செய்கிறது. ஆகவே ஒரு தாங்கியின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால், அவ்வண்டியைக் கையாண்டவர் எவ்வர்க்கத்தினர், எத்தகைய நிலத்தில் நின்றார், எவ்வளவு சுமை ஏற்றினார் என்பவற்றை ஓரளவு வாசித்தறியலாம் என்பது எமது கருத்து.

வண்டிக்கு முட்டுக்கால் பொருத்தும் எண்ணம் பழையது. 1869 அளவிற் பிரான்சிலும், 1880களிலும் 1890களிலும் வேறு நாடுகளிலும் இதற்கெனக் காப்புரிமைகள் பெறப்பட்டன. 1885 இல் கொவென்றியில் ஸ்டார்லி உருவாக்கிய ‘றோவர்’ வண்டியோடு இன்றைய துவிச்சக்கரவண்டியின் உருவம் நிலைபெற்றது. 1888 இல் டன்லப் காற்றடைத்த ரயரை உருவாக்கினார். ஆனால் இங்கிலாந்தில் தாங்கி பெருவழக்குப் பெறவில்லை. அங்கு நகரத்துச் சுவரும் இரும்பு வேலியும் நடைபாதை விளிம்பும் வண்டியைத் தாங்கின. நொட்டிங்காம், பேர்மிங்காம் தொழிற்சாலைகளிலிருந்து வந்த றலி, ஹேர்குலிஸ் முதலிய வண்டிகளின் அடிப்படை அமைப்பு அத்தகைய நகரச் சூழலிற் பிறந்ததே. பின்சுமைக்கட்டும் (கரியர்) பின்னச்சில் தொங்கும் இருகால் தாங்கியும் ஆசிய நாடுகளிலேயே வண்டியின் பிரிக்கவியலா உறுப்புகளாயின. 1949 இல் சென்னைக்கருகே அம்பத்தூரில் ஹேர்குலிஸ் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கிய நிறுவனமும், 1950 இல் சீனாவின் தியென்சின் நகரில் உருவான ‘பறக்கும் புறா’ வண்டியும், 1951 இல் அட்லஸும் 1956 இல் ஹீரோவும் இவ்வமைப்பையே பின்பற்றின. ஐரோப்பாவிற் பயணத்துக்கெனப் பிறந்த வண்டி ஆசியாவிற் பாரவண்டியாக மறுபிறப்பெடுத்த கதை இது. 1954 இல் தியென் பியென் பூவில் வியற்நாமிய மக்கள் இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் துவிச்சக்கரவண்டிகளிற் கட்டி, கைபிடியோடு மூங்கிற் கழி இணைத்துத் தள்ளிச் சென்று ஒரு பேரரசின் கோட்டையை வீழ்த்தியதை உலகம் அறியும். அவ்வண்டிகளில் ஏறி ஓட்டியவர் எவருமிலர்.

இருகால் தாங்கியின் பொறிமுறையைச் சிறிது விரித்துக் கூறுதல் இங்கு அவசியமாகிறது. தமிழ் எழுத்தாகிய ‘ப’ வைப் போன்ற இரும்புச் சட்டத்தின் மேல்முனைகள் இரண்டும் பின்னச்சின் இருபுறமும் கீல்போலப் பொருந்தியிருக்கும். வண்டி ஓடும்போது இச்சட்டம் மேலே மடிந்து மட்காட்டோடு கொளுவிக் கிடக்கும். நிறுத்தும்போது அதனைக் காலால் இறக்கி மிதித்து, கரியரைப் பிடித்து வண்டியைப் பின்னோக்கி இழுத்தால், பின்சில்லு நிலத்திலிருந்து ஓரிரு அங்குலம் எழும். இப்பொழுது முன்சில்லும் இரு கால்களுமாக மூன்று ஊன்றுகள் சேர்ந்து ஒரு முக்கோணத்தை அமைக்கின்றன. பாரத்தின் மையம் அம்முக்கோணத்துக்குள் விழும் வரை வண்டி சரியாது. கரியரின் பாரம் ஏறத்தாழ அச்சுக்கு நேர்மேலே அமைவதால் அது கால்கள் வழியே நேராக நிலத்துக்கு இறங்குகிறது. இதற்கு மாறாக ஒற்றைக்கால் தாங்கி வண்டியைச் சரித்தே நிறுத்துகிறது. சரிந்த வண்டியில் உயரக் கட்டிய சுமை மேலும் வெளியே தள்ளும். ஒரு பக்கத்துப் பொருளை இறக்கினால் மறுபக்கம் சாயும். வெறும் வண்டிக்கு அது போதுமானது. விற்பனைக்கு நிற்கும் வண்டிக்குப் போதாது.

இருகால் தாங்கிக்கும் ஒரு குறை உண்டு. பின்னிழுத்து ஏற்றிய வண்டி முன்தள்ளினால் இறங்கிவிடும். சரிவான தெருவிற் கீழ்நோக்கி நிறுத்திய பாரவண்டி தானாகவே தாங்கியிலிருந்து நழுவி ஓடக்கூடும். மலையகத்தில் இக்குறை பெரிது. மட்டக்களப்பு வாவிக்கரை தட்டையான நிலம். இங்கு அது பெரிதும் உறுத்தவில்லை. இங்குள்ள இடர் வேறு. அது மணல்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டி எழுவான்கரை. தெருக்களும் கடைகளும் பாடசாலைகளும் நெருங்கிய ஊர்கள் அங்கே வரிசையாக உள்ளன. வாவிக்கு மேற்கே நெல்லும் பாலும் விறகும் விளையும் படுவான்கரை. ஒரு கரையின் விளைபொருள் மறுகரையின் சந்தைக்கு வந்தாக வேண்டும் என்பதே இப்பிரதேசத்தின் பொருளாதாரத்துக்கு அடித்தளம். கல்லடியில் 1920களிற் கட்டப்பட்ட இரும்புப் பாலமும் 1928 இல் வந்து சேர்ந்த புகையிரதமும் நகரத்தை வெளியுலகோடு இணைத்தனவாயினும், இரு கரைகளையும் பல இடங்களில் இணைத்தது ‘பாதை’யே. பிற பிரதேசத்தவர் இச்சொல்லை வழி எனக் கொள்வர். மட்டக்களப்பார்க்கோ பாதை என்பது மனிதரையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை. மண்முனைத் துறையிலும், குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும், சந்திவெளிக்கும் திகிலிவெட்டைக்கும் இடையிலும் அது மக்களின் உயிர்நாடியாக விளங்கியது. பாதையின் தளத்தில் மதிலுமில்லை, மரமுமில்லை. நீரில் அசையும் பலகையின் மேல் வண்டி தன் காலிலேயே நிற்க வேண்டும், அல்லது உரியவர் கரைசேரும்வரை அதனைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

தொடக்கத்தில் இங்கு துவிச்சக்கரவண்டி வைத்திருந்தோர் உத்தியோகத்தரும் ஆசிரியரும் வசதிபடைத்த போடிமாருமே எனலாம். அவர்களுக்கு அது மதிப்பின் சின்னம். விளக்கும் மணியும் தாங்கியைவிட முக்கியமானவை. வண்டி மலிந்து, பழைய வண்டி கைமாறி, உழைப்பாளரின் முற்றத்துக்கு வந்த பின்னரே தாங்கிக்கு உயிர் வந்தது. படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டு வருபவரை எடுத்துக்கொள்வோம். மண்சட்டிகளில் உறைந்த தயிர் அது. வண்டி ஒருமுறை சரிந்தால் மீன் மண்ணிற் புரளும், கழுவி எடுக்கலாம். நெல்மூடை கிழியும், அள்ளித் தைக்கலாம். தயிர்ச்சட்டி உடைந்தால் அன்றைய முதலும் உழைப்பும் போயிற்று. கறவை அவருடையதாக இல்லாதவிடத்து, உடைந்த சட்டிகள் கடனாகவும் மாறும். அத்தகையவர் புதிய வண்டி வாங்குகையில் முதலிற் குனிந்து நோக்கும் உறுப்பு தாங்கியாயிருப்பதில் வியப்பில்லை.

தமிழர் வாழ்வில் சுமையிறக்கும் ஏற்பாடு புதியதன்று. தலைச்சுமையோடு செல்வோர் பிறர் உதவியின்றி இறக்கி ஏற்றும் பொருட்டு வழியோரங்களில் ஆளுயரத்திற் கல் நாட்டிச் சுமைதாங்கி அமைத்தனர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் இருந்தது. மாடவிழ்த்த வண்டியின் நுகம் நிலத்திற் படாதவாறு ஊன்றும் முட்டுக்கட்டையும் இவ்வினத்தைச் சார்ந்ததே. சுமைதாங்கிக் கல் ஓரிடத்தில் நின்றது. சுமப்பவர் அதனை நாடிப் போனார். துவிச்சக்கரவண்டித் தாங்கி சுமப்பவரோடு கூடவே வந்தது, வேண்டிய படலையில் வேண்டியபோது இறங்கியது. வீட்டுக்கு வீடு சென்று விற்கும் நடமாடும் வணிகம் இங்கு பெருகியதற்குச் சில்லு ஒரு காரணமெனின் தாங்கி மற்றொன்று. காத்தான்குடியிலிருந்து புறப்பட்ட புடவை வணிகரும், கரையோரத்து மீன் வணிகரும், விறகு விற்போரும் இதற்குச் சான்று.

இனி மணலுக்கு வருவோம். நூறு கிலோ பாரம் இரு கால்களின் வழியே இறங்குவதாகவும், ஒவ்வொரு காலின் அடியும் பத்துச் சதுர சென்றிமீற்றர் பரப்புடையதாகவும் கொண்டால், ஒரு சதுர சென்றிமீற்றர் நிலத்தின்மேல் ஐந்து கிலோ அழுத்தம் விழுகிறது. உலர்ந்த கடற்கரை மணல் அதனைத் தாங்காது. ஒரு கால் மற்றையதைவிடச் சற்று ஆழப் புதைந்தாலும் வண்டி சரியும். தொழிற்சாலைத் தாங்கியின் ஒடுங்கிய பாதம் தாரிட்ட தெருவுக்கானது, எங்கள் முற்றத்துக்கானதன்று. இதற்கு இங்குள்ளோர் கண்ட விடைகள் எளியவை. தேங்காய் மட்டை, பலகைத் துண்டு, உடைந்த ஓடு ஆகியவற்றுள் ஒன்றைக் காலின் கீழ் இடுவர். நாள்தோறும் பாரம் ஏற்றுவோர் அதற்கும் மேலே சென்றனர். சைக்கிள் திருத்துபவரிடமோ ஒட்டு வேலைத்தலத்திலோ கொடுத்து, கால்களின் அடியில் தட்டையான இரும்புத் தகடு ஒட்டுவித்தனர். கால்களை அகல விரித்தனர். மெல்லிய சட்டத்துக்குப் பதிலாகத் தடித்த கம்பியோ குழாயோ வைத்தனர். கரியரின் இருமருங்கும் அச்சிலிருந்து எழும் துணைக்கம்பிகளைப் பொருத்தினர். விறகுகாரர் சிலர் தாங்கியை நம்பாமல் ஒரு கவைத்தடியையும் கூடவே கட்டிச் செல்வர். நிற்கும்போது அதனைக் கரியருக்கடியில் ஊன்றி மூச்சு வாங்குவர். இம்மாற்றங்களை வரைந்தவர் பொறியியலாளர் அல்லர். காப்புரிமை எதுவும் பெறப்படவில்லை. ஆயினும் அழுத்தத்தைப் பரப்பாற் பங்கிடல், அடித்தளத்தை அகலித்தல் என்ற பௌதிக விதிகள் இரண்டும் இங்கு முழுமையாகச் செயற்பட்டுள்ளன. தொழில்நுட்பம் மேற்கிலிருந்து வந்தது, நாம் அதனைப் பாவித்தோம் என்று எழுதும் வரலாற்றில் இந்த இரும்புத் தகட்டுக்கு இடமில்லை.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ரயரும் உதிரிப்பாகமும் அரிதாயின. பழையதைத் திருத்திப் பாவிக்கும் கலை அந்நெருக்கடியில் வளர்ந்தது. 1977இன் பின் திறந்துவிடப்பட்ட பொருளாதாரம் யப்பானிய மோட்டார் சைக்கிள்களைக் கிராமம் வரை கொண்டுவந்தது. ஹொண்டா நிறுவனம் 1958 இல் வெளியிட்ட சிறுவண்டியும் அதன் வழிவந்த வகைகளும், பின்னர் எம்.டி. 90, சி.டி. 125 போன்றனவும் இப்பிரதேசத்திற் பழகிப்போன பெயர்கள். அவற்றின் நடுத்தாங்கி பழைய இருகால் தாங்கியின் தத்துவத்தையே வேறிடத்திற் செயற்படுத்துகிறது. வண்டியின் நடுவயிற்றின் கீழ் அமைந்த அதனைக் காலால் மிதித்துப் பின்னிழுத்தால், கால்கள் செங்குத்து நிலையைச் சற்றுக் கடந்து சென்று தங்கிவிடும். வண்டியின் பாரமே அதனைப் பூட்டிவிடும். இது கையின் பலத்தாற் செய்வதன்று, உடலின் பாரத்தை மிதிகட்டையில் ஏற்றிச் செய்வது. நுட்பம் அறியாதோரே இதனை ஆண்களுக்குரிய வேலை என்பர். மீன் வணிகர் மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது மரப்பெட்டி போய் றெஜிபோம் பெட்டி வந்தது. ஆனால் நடுத்தாங்கி இல்லாமல் அப்பெட்டியைத் திறந்து வியாபாரம் செய்ய முடியவில்லை.

போர்க்காலம் தாங்கிக்கு வேறொரு பொருளைக் கொடுத்தது. 1990 முதல் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. எரிபொருளும் பிற பொருள்களும் தடைக்கும் மட்டுப்பாட்டுக்கும் உள்ளாகின. மோட்டார் சைக்கிள்கள் முடங்க, மிதிவண்டி மீண்டும் பாரம் சுமந்தது. வலையிறவு போன்ற வாயில்களின் சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து, வண்டியை நிறுத்தி, கட்டிய பாரத்தை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டிக்கொண்டு செல்லும் நிலை வழமையாயிற்று. ஒரு நாளில் எத்தனை தடவை நிறுத்தினரோ அத்தனை தடவை தாங்கி வேலை செய்தது. மறுபுறம், வண்டிகளிற் குண்டு வைக்கப்பட்ட காலமாதலால், நகரத்தில் ஆளின்றித் தாங்கியில் நிற்கும் சைக்கிளே அச்சத்துக்குரிய பொருளாயிற்று. உழைப்பவர் கையை விடுவிக்கும் கருவி, வண்டியை விட்டு அகல முடியாத காலத்தைக் கண்டது. இதுபற்றிய பதிவுகள் இராணுவ வரலாறுகளில் இருக்கப்போவதில்லை. விறகு விற்றோரின் நினைவுகளிலேதான் தேடல் வேண்டும்.

போர் முடிந்தபின் நிகழ்ந்த மாற்றம் விரைவானது. 2013 இல் கல்லடியிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் வந்ததும் அத்துறையின் பாதை ஓய்ந்தது. தவணைக் கட்டணத்தில் இந்திய மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் பெருகின. பெண்கள், குறிப்பாகத் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள், ஸ்கூட்டரில் தொழிலுக்குச் செல்வது இப்பிரதேசத்தின் பெருமாற்றங்களுள் ஒன்றெனத் தயங்காது கூறலாம். இவ்வண்டிகளைப் பெரும்பாலும் பக்கத்தாங்கியிலேயே நிறுத்துகின்றனர். நடுத்தாங்கியே இல்லாத மோட்டார் சைக்கிள் வகைகளும் பல. பக்கத்தாங்கி எளிது, விரைவு. ஆனால் அது இடப்பக்கத்தில் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. இடப்புறமாக ஏறி அமரும் குதிரைச் சவாரியின் மரபு அதிற் படிந்துள்ளது என்பர். வண்டிகள் தெருவின் வலப்புறம் செல்லும் நாடுகளில் தெருவோரச் சரிவு வலப்பக்கமாக இறங்குவதால் இடப்பக்கத் தாங்கியில் நிற்கும் வண்டி சற்று நிமிர்கிறது. இடப்புறம் செல்லும் எமது நாட்டிலோ தெருவோரம் இடப்பக்கமாகவே தாழ்கிறது. ஏற்கெனவே சரிந்த வண்டி மேலும் சரிகிறது. அதன்கீழ் மணலும் இருந்தால் கேட்க வேண்டியதில்லை. தாங்கியை மடிக்க மறந்து புறப்பட்டு, இடப்பக்கம் திரும்புகையில் அது தெருவிற் குத்தி விழுந்தோரும் உளர். தாங்கி இறங்கியிருக்கையில் இயந்திரம் இயங்காது தடுக்கும் ஆளி இப்போது பல புதிய வண்டிகளில் உண்டு; கைமாறி வரும் பழைய வண்டிகளில் இல்லை. ஆபத்து எப்போதும் விலை குறைந்த வண்டியோடு சேர்ந்தே விற்கப்படுகிறது.

2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் துவிச்சக்கரவண்டிக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டது. விலையும் பன்மடங்கு உயர்ந்தது. அப்போது கடைகளிற் கிடைத்த தடித்த ரயர் வண்டிகள் பலவற்றில் கரியரும் இல்லை, இருகால் தாங்கியும் இல்லை. பென்சில் பருமனான ஒற்றைக்கால் ஒன்றே இருந்தது. உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் வரையப்பட்ட வண்டி அது. ஒரு மூடை அரிசியையோ ஒரு காஸ் சிலிண்டரையோ அதில் ஏற்றி நிறுத்த முயன்றவர், மூலையிற் கிடந்த பழைய றலியையோ லுமாலாவையோ நினைத்திருப்பார்.

மூலையிற் கிடந்த அந்த வண்டிகளும் நெடுங்காலம் கிடக்கப்போவதில்லை. தடித்த இரும்பாதலால் பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் தாங்கிக்கு நிறை அதிகம். பாதத்தில் தகடு ஒட்டிய தாங்கி, கால் அகலித்த தாங்கி, குழாயால் வளைத்த தாங்கி எனக் கைவினையின் வேறுபாடுகள் அனைத்தும் அங்கு ஒரே கிலோக் கணக்குத்தான். அவற்றை வரைந்தும் அளந்தும் ஒளிப்படம் எடுத்தும், எந்த ஊரில் எந்தத் தொழிலுக்காக யார் செய்வித்தது என்று கேட்டெழுதியும் வைக்கும் வேலையை எமது மாணவர்கள் குருமண்வெளித் துறையிலிருந்தும் களுவாஞ்சிகுடிச் சந்தையிலிருந்தும் தொடங்கலாம். காலை ஆறு மணிக்குப் போனால் போதும்.